மூன்று கொழுப்பு, நான்கு வாரம்

தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லதா கெட்டதா? பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில், மருத்துவம் படித்த மைக்கேல் மோஸ்லி வழங்கிய ‘ட்ரஸ்ட் மீ, ஐ'ம் எ டாக்டர்’ நிகழ்ச்சி இந்தக் கேள்வியைச் சோதனைக்கே எடுத்துக்கொண்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் துணை நின்றார்கள். 50 முதல் 75 வயது வரையிலான தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். தினமும் 50 கிராம் வீதம் நான்கு வாரம் ஒரு குழு தேங்காய் எண்ணெய், ஒரு குழு ஆலிவ் எண்ணெய், ஒரு குழு வெண்ணெய் சாப்பிட்டது. முன்னும் பின்னும் இரத்தப் பரிசோதனை.

வெண்ணெய்க் குழுவில் கெட்ட கொலஸ்ட்ரால் சராசரியாகப் பத்து சதவீதம் போல ஏறியது. தேங்காய் எண்ணெய்க் குழுவில் அது அப்படி ஏறவில்லை. நல்ல கொலஸ்ட்ரால்தான் கூடியது, அதுவும் ஆலிவ் எண்ணெயைவிட அதிகமாக! ஆய்வாளர்களே இதை எதிர்பார்க்கவில்லை.

முடிவுகள் 2018-இல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ மருத்துவ இதழிலும் வெளியாயின. கூடவே ஒரு எச்சரிக்கையும் வந்தது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: இது நான்கு வாரச் சோதனை மட்டுமே, மாரடைப்பு குறையுமா என்பதை இது சொல்லாது. ஆகவே கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எண்ணெயை மாற்ற வேண்டாம்.