மூணு மாசமா, மூணு வாரமா?

பிப்ரவரி கடைசியில எங்க அம்மா சுகர் மாத்திரையை நிறுத்தப் பாத்தாங்க. காரணம் ஒரு ரிப்போர்ட்.

ஜனவரியில அவங்களுக்கு ஹெச்பிஏ1சி 8.9. டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். அம்மா ராத்திரி சாதத்தை விட்டாங்க, தினமும் மொட்டை மாடியில நடந்தாங்க. நாலு வாரம்தான் ஆச்சு, பொறுமை இல்லாம நான்தான் லேபுக்குக் கூட்டிட்டுப் போனேன். 8.1. "இவ்ளோ பண்ணியும் எட்டுதானா? அப்புறம் எதுக்கு இந்த மாத்திரை?"

மாத்திரை வேலை செஞ்சுட்டுதான் இருந்தது. நாங்கதான் சீக்கிரம் போயிட்டோம்.

எப்படின்னு பாருங்க. ரத்தத்துல இருக்கிற குளுக்கோஸ்ல ஒரு சின்னப் பங்கு புரதங்கள் மேல தானா போய் ஒட்டிக்கும், என்சைம்கூட தேவையில்ல. சர்க்கரை கூடக் கூட, ஒட்டுறதும் கூடும். ஹெச்பிஏ1சி அளக்கிறது சிவப்பணுவுக்குள்ள இருக்கிற ஹீமோகுளோபின்ல ஒட்டினதை. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதனால மாத்திரை மாத்துறதுக்கு முன்னாடி பிறந்த அணுக்கள், பழைய சர்க்கரையைச் சுமந்துட்டு இன்னும் சுத்திட்டு இருக்கும். ரிப்போர்ட்ல வர்ற எண்ணுல கடைசி ஒரு மாசத்தோட பங்கு ஏறக்குறைய பாதிதான்.

நமக்குப் புரியற மாதிரி சொன்னா, அது சிஜிபிஏ. இந்த செமஸ்டர் நல்லா எழுதினாலும் பழைய அரியர் காலம் இழுத்துப் பிடிக்கும். விரல்ல குத்திப் பாக்கிற குளுக்கோமீட்டர் கிளாஸ் டெஸ்ட் மாதிரி, அந்த நிமிஷத்துக்கு மட்டும். நடுவுல ஒரு செமஸ்டர் மார்க் வேணும் இல்லையா? அதுதான் ஃப்ரக்டோசமைன்.

இது ரத்தத்துல இருக்கிற மத்த புரதங்கள்ல, முக்கியமா அல்புமின்ல, ஒட்டின சர்க்கரையை அளக்குது. அல்புமின்ல பாதி மாறவே கிட்டத்தட்ட மூணு வாரம்தான் ஆகும். அதனால கடைசி ரெண்டு, மூணு வாரக் கதையை இது சொல்லிடும். டாக்டர் இதை எழுதிக் கொடுத்தார். 306 வந்தது. எங்க லேப் போட்டிருந்த அளவு 205 முதல் 285 மைக்ரோமோல். கொஞ்சம்தான் அதிகம். "இது நல்ல செய்திம்மா"ன்னு டாக்டர் சொன்னப்போதான் அம்மா முகம் மாறிச்சு.

பேர்ல ஃப்ரக்டோஸ் இருக்கேன்னு பழத்துக்குச் சம்பந்தம்னு நான் நினைச்சு, அம்மாவோட கொய்யாப்பழத்தையும் நிறுத்தி வெச்சேன். சுத்தத் தப்பு. ஒட்டின பிறகு வர்ற வேதி அமைப்பு ஃப்ரக்டோஸ் மாதிரி இருக்கு, அதனால அந்தப் பேர். ஒட்டுறது குளுக்கோஸ்தான்.

ஹெச்பிஏ1சி சதவீதம் எதுவுமே சொல்லாத மாதிரி இருந்தா, 28.7ஆல பெருக்கி 46.7ஐக் கழிங்க. சராசரி சர்க்கரை மில்லிகிராம் கணக்குல வரும். 8.9னா 209, 8.1னா 186. "ஒன்பதுல இருந்து எட்டு"ன்னு கேட்டப்போ சலிச்சுக்கிட்ட அம்மா, இதைக் கேட்டதும் "இருபத்தி மூணு குறைஞ்சிருக்கா?"ன்னாங்க.

ரெண்டு டெஸ்டும் ஏமாத்தலாம். ரத்த இழப்பு இருந்தாலோ, சிவப்பணு சீக்கிரம் உடையற நோய் இருந்தாலோ ஹெச்பிஏ1சி குறைச்சுக் காட்டும். இரும்புச்சத்து இல்லாத ரத்தசோகைல கூட்டியும் காட்டும். நம்ம ஊர்ல ரத்தசோகை இருக்கிற அம்மாக்கள் நிறைய பேர், அதனால ஹீமோகுளோபின் எண்ணையும் சேர்த்துப் பாருங்க. இப்படிப்பட்டவங்களுக்கு ஃப்ரக்டோசமைன் உதவும். ஆனா சிறுநீர்ல புரதம் போறவங்களுக்கும் கல்லீரல் கெட்டவங்களுக்கும் அல்புமினே குறைவா இருக்கும். அங்க ஃப்ரக்டோசமைன் பொய்யா நல்லா வரும். இன்னொண்ணு, இதை வெச்சு சர்க்கரை நோய் இருக்கா இல்லையான்னு முடிவு பண்ண மாட்டாங்க. அதுக்கு வெறும் வயித்துல 126, ஹெச்பிஏ1சி 6.5ங்கிற எல்லைகள் இருக்கு. லேபுக்கு லேப் அளவு மாறும், ஒரே இடத்துல எடுங்க.

மே மாசம் மறுபடி எடுத்தோம், இந்தத் தடவை டாக்டர் சொன்ன தேதியில. 6.9. ரிப்போர்ட்டை மடிச்சு வெச்சுட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "இனிமே கொய்யாப்பழம் சாப்பிடலாமாடா?"