படைத்துறை விண்ணப்பமும் பழைய வழக்கும்

பட்டம் பெற்றுப் படை அதிகாரியாக விழையும் இளைஞர்க்குச் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகம் ஒரு பெருவாயிலாகும். 1963இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெற்று வருகின்றனர். எழுத்துத் தேர்வு, தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்காணல், மருத்துவச் சோதனை ஆகிய மூன்றையும் கடந்தவர்க்கு நான்காவதாக ஒரு சோதனை உண்டு. அதுவே காவல்துறை வழி நடைபெறும் முன்நடத்தைச் சரிபார்ப்பு. பாடநூல் படித்து அதனை வெல்ல இயலாது.

அரசுப் பணிக்குரிய உறுதிமொழிப் படிவத்தில் வழக்கமாகச் சில வினாக்கள் இடம்பெறும். எப்போதேனும் கைது செய்யப்பட்டதுண்டா? வழக்குத் தொடரப்பட்டதுண்டா? நீதிமன்றம் தண்டித்ததோ அபராதம் விதித்ததோ உண்டா? இன்று வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா? உண்மையை மறைத்தல் தகுதியிழப்புக்கு உரியது என்னும் எச்சரிக்கையும் உடன் அச்சிடப்பட்டிருக்கும்.

நம் கோபி வட்டாரத்தில் ஓர் இளைஞர் மீது வழக்கு வரப் பெருங்குற்றம் எதுவும் வேண்டுவதில்லை. வாய்க்கால் நீர்த் தகராறு, திருவிழாக் கூட்டத்துக் கைகலப்பு, மாணவர் மறியல் இவற்றுள் ஒன்று போதும். விண்ணப்பம் நிரப்பும் வேளையில் வீட்டுப் பெரியவர்கள், “முடிந்துபோன வழக்குத்தானே, இல்லை என்று எழுதிவிடு தம்பி” என்று அறிவுரை கூறுவர். அன்பினால் பிறந்த அறிவுரைதான். ஆயினும் கேடு பயப்பது.

இதன் காரணத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே காணலாம். இவை பெரும்பாலும் காவலர் பணி பற்றியவை. எனினும், ஆயுதமும் ஆட்களும் ஒப்படைக்கப்படும் படை அதிகாரியிடம் அதனினும் குறைந்த நேர்மையை எவரும் எதிர்பார்க்க மாட்டார்.

தில்லிக் காவலர் பணி தொடர்பான 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு கண்டிப்பானது. வழக்கில் விடுதலை பெற்றிருந்தாலும், அவ்வழக்குக்குக் காரணமான நடத்தையைப் பணியளிப்போர் கருத்திற்கொள்ளலாம் என்றது. 2011இல் வேறொரு குரல் எழுந்தது. ஏறத்தாழ இருபது வயதில் ஓர் அடிதடி வழக்கில் சிக்கிச் சமரசத்தால் விடுதலை பெற்ற இளைஞர், தலைமைக் காவலர் பணிக்கான விண்ணப்பத்தில் அதனைக் குறிப்பிடவில்லை. நீதிபதிகள் அவர்பால் இரக்கம் காட்டினர். ஒரு ரொட்டியைத் திருடியமைக்காக வாழ்நாள் முழுதும் திருடனாகவே கருதப்பட்ட ஷான் வால்ஷானை அத்தீர்ப்பு நினைவூட்டியது. சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழில் தந்த விக்டர் ஹியூகோவின் புதினத்துத் தலைவன் அவனே.

இவ்விரு போக்குகளையும் இணைத்து நெறி வகுத்தது, 2016 ஜூலை 21 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு வழங்கிய அவதார் சிங் எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கின் தீர்ப்பாகும். அதன் சாரம் வருமாறு: கேட்கப்பட்ட செய்தியை உண்மையாகத் தரவேண்டும். இளமையில் முழக்கமிட்டமை போன்ற அற்பக் குற்றத்தை மறைத்திருப்பின், பணியளிப்போர் விரும்பினால் அதனைப் பொறுத்தருளலாம். படிவம் தெளிவாகக் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட்டமை மறைத்தலாகாது. உண்மையை உரைத்தவருக்கும் பணி கட்டாயம் அன்று. அவருடைய முன்நடத்தையை எடைபோடும் உரிமை பணியளிப்போர்க்கு உண்டு. மறைப்பு ஒன்றையே காரணமாக்கி இயந்திரம் போல் நீக்குதல் கூடாது என்பதனை 2022இல் ரயில்வே பாதுகாப்புப் படை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிறு குற்றத்தை வெளிப்படுத்தியவர் அக்குற்றம் ஒன்றற்கே விடை கூறவேண்டும். மறைத்தவரோ குற்றத்திற்கும் பொய்க்கும் சேர்த்து விடை கூறவேண்டும். முன்னதினும் பின்னது கனமானது. படைவீரராகச் சேர்வோர் பதிவுப் படிவத்தில் அறிந்தே பொய்விடை அளித்தல், 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும். மறைத்தலும் இன்று எளிதன்று. முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் வெளியிட வேண்டும் என 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பாலியல் குற்றம் போன்ற சில வகைகளுக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு.

மாணவர் அறிய வேண்டிய வேறுபாடுகள் சில உள. குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் நூறு ரூபாய் அபராதம் கட்டினாலும் அது தண்டனைத் தீர்ப்பே. “கட்டிவிட்டு வா, வேலை முடிந்தது” என்று அவசரப்படும் பெற்றோர் இதனை உணர்தல் வேண்டும். ஒப்புக்கொள்ளுமுன் வழக்கறிஞரைக் கலந்துகொள்வதே அறிவுடைமை. சமரசத்திற்குரிய குற்றம் சட்டப்படி சமரசமானால் அது விடுதலைக்கு ஒப்பாகும். ஆயினும் விடுதலைகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. தமிழகக் காவலர் தேர்வு விதிகளில், ஐயத்தின் பயனாலோ சாட்சி பிறழ்ந்தமையாலோ விடுதலை பெற்றவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குச் சட்டம் பரிவு காட்டுகிறது. 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிறாராக இருந்தபோது நேர்ந்த குற்றத்தால் பிற்காலத் தகுதியிழப்பு நேராமல் காக்கிறது. கொடுங்குற்றத்திற்காகப் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட பதினாறு வயது கடந்தோர் இதற்கு விலக்கு.

ஆகவே வழக்குடைய மாணவர் செய்யத்தக்கன இவை. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்க. வினாவைச் சொல் சொல்லாகப் படித்துக் கேட்டதற்கு விடையளிக்க. வழக்கு எண், ஆண்டு, பிரிவு, முடிவு ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதுக. தன்னை நியாயப்படுத்தும் நெடுங்கதை வேண்டா. விண்ணப்பித்த பின் வழக்கு எழுந்தால் அதனையும் எழுத்தால் தெரிவிக்க.

உள்ளத்தின் நேர்மையை உண்மை என்றும், சொல்லின் நேர்மையை வாய்மை என்றும், செயலின் நேர்மையை மெய்ம்மை என்றும் நம் ஆசான்கள் பிரித்துக் காட்டுவர். படிவத்தின் ஒரு கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதும் கை இம்மூன்றையும் ஒருங்கே செய்கிறது. அதனால் சிலருக்கு வாய்ப்பு நழுவுதலும் கூடும், அதனை மறுப்பதற்கில்லை. எனினும் அவர் வேறொரு வாயிலைத் தலைநிமிர்ந்து தட்டலாம். ‘இல்லை’ என்று எழுதி நுழைந்தவரோ, தோளில் விண்மீன் ஏறிய பின்னும் ஒரு கடிதம் வருமோ என்று அஞ்சியே வாழ்வார். நம் பிள்ளைகளை அவ்வச்சத்தினின்று காப்பது ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும் உரிய கடமையாகும்.