உங்கள் பெயரைத் தேடினால் போட்டியாளர் வருவது ஏன்?

கூகுளில் ஒரு திருமணத் தகவல் தளத்தின் பெயரைத் தட்டுகிறீர்கள். பக்கத்தின் உச்சியில் வேறொரு தளத்தின் விளம்பரம் வந்து நிற்கிறது. தற்செயலாக வந்ததல்ல. நீங்கள் தட்டிய பெயருக்காக அந்தத் தளம் பணம் கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறது.

தேடல் பக்கத்தின் விளம்பர இடம் ஒவ்வொரு தேடலுக்கும் தனித்தனியாக ஏலம் போகிறது. இன்ன சொல்லைத் தேடுவோருக்கு என் விளம்பரத்தைக் காட்டு, ஒரு கிளிக்குக்கு இவ்வளவு வரை தருகிறேன் என்று விளம்பரதாரர் முன்பே சொல்லிவைக்கிறார். அந்தச் சொல்தான் கீவேர்ட். அது போட்டியாளரின் பெயராக இருந்தாலும் கூகுள் தடுப்பதில்லை.

அதிகத் தொகை சொன்னவருக்கே முதலிடம் என்றும் இல்லை. விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, கிளிக் விழ எவ்வளவு வாய்ப்பு, திறக்கும் பக்கம் பயனுள்ளதா என்பதெல்லாம் கணக்கில் சேரும். அதனால் பெயருக்கு உரியவருக்கு அந்தக் கிளிக் பொதுவாக மலிவு. போட்டியாளருக்கு விலை கூடும். ஆனாலும் போட்டியாளர் நுழைந்துவிட்டால், உரியவரும் பெரும்பாலும் ஏலத்தில் இறங்கிவிடுகிறார். தன் பெயரைச் சொல்லித் தேடி வந்த வாடிக்கையாளருக்காகவே அவர் காசு கட்டுகிறார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இதுபற்றிய இந்தியாவின் தொடக்ககால வழக்குகளில் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. பாரத் மேட்ரிமோனி என்ற திருமணத் தகவல் தளத்தை நடத்திய கான்சிம் இன்ஃபோ நிறுவனம், கூகுள் மீதும் ஷாதி.காம் உள்ளிட்ட போட்டித் தளங்களை நடத்தியவர்கள் மீதும் வழக்குப் போட்டது. 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். கான்சிமின் பெயர்களில் உள்ள 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை அந்தத் தொழிலையே விவரிக்கும் பொதுச்சொற்கள் என்பது முக்கியக் காரணம். செய்யும் தொழிலையே பெயராக வைத்தால் வாடிக்கையாளருக்குச் சட்டென்று புரியும். ஆனால் அந்தப் பெயரைத் தனக்கு மட்டும் என்று காத்துக்கொள்வது கடினம். புதிதாகத் தொழில் தொடங்குவோர் பெயர்ப்பலகை எழுதுமுன் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்த பெரிய தீர்ப்பு டெல்லியில் வந்தது. வீட்டுப் பொருள்களை இடமாற்றித் தரும் அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தொடர்பான வழக்கில், 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு இரண்டு விஷயங்களைச் சொன்னது. பிறர் வணிகச்சின்னத்தைக் கீவேர்டாக வைப்பது மட்டுமே அத்துமீறல் ஆகாது; மக்கள் குழம்பினால்தான் அத்துமீறல். அப்படி அத்துமீறல் நடந்தால், நான் வெறும் இடைத்தரகர் என்று கூகுள் ஒதுங்க முடியாது.

குழப்பம் என்ற இந்த அளவுகோல் எப்படி வேலை செய்யும் என்பதைப் பயண முன்பதிவுத் தளமான மேக்மைட்ரிப்பின் வழக்கு காட்டியது. அதன் பெயரைக் கீவேர்டாக வைத்துப் புக்கிங்.காம் விளம்பரம் செய்தது. புக்கிங்.காம் தனித்து அறியப்பட்ட பெயர், அதை மேக்மைட்ரிப் என்று யாரும் எண்ணமாட்டார்கள் என்று 2023 டிசம்பரில் அதே நீதிமன்ற அமர்வு சொன்னது. 2024-ல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. இரண்டு பெரிய பெயர்கள் மோதும்போது இந்த வாதம் சரியாகவே இருக்கிறது. ஆனால் வீடு மாற்றும் அவசரத்தில் ஒரு நிறுவனத்தைத் தேடுபவர், முன்பின் தெரியாத ஒருவரின் விளம்பரத்தை அந்த நிறுவனத்தினுடையது என்று நம்பித் தொட்டுவிட்டால்? குழம்பினார் என்று நிரூபிக்க, பெயரை இழந்தவர்தான் நீதிமன்றப் படியேற வேண்டும்.

தன் பெயரைக் காக்கச் சிறு நிறுவனம் முதலில் அதை வணிகச்சின்னமாகப் பதிவு செய்ய வேண்டும். பிறகு கூகுளிடம் புகார் தரலாம். போட்டியாளர் தன் விளம்பர வாசகத்தில் அந்தப் பெயரை எழுதுவதைக் கூகுள் கட்டுப்படுத்தும். கீவேர்டாக வைப்பதை அல்ல.

பதிலுக்கு ஏலத்தில் இறங்குமுன், தேவைதானா என்றும் பார்க்க வேண்டும். 2012-ல் இணையச் சந்தையான ஈபே தன் பெயருக்கான விளம்பரங்களை யாஹூ, எம்எஸ்என் தேடல்களில் நிறுத்திப் பார்த்தது. இழந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம் விளம்பரமல்லாத சாதாரணத் தேடல் முடிவு வழியாகவே வந்து சேர்ந்தன. ஈபே அளவுக்குப் பெயர் பரவாத கடைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சில நாள் விளம்பரத்தை நிறுத்தி, வரும் அழைப்புகள் குறைகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதற்குச் செலவில்லை.