சவரக்கத்தி பழகும் கை



வேலை தெரியாத ஒருவனை 'சிரைக்கப் போ' என்று ஏசுவது நம்மவர் வழக்கம். சிரைப்பதற்குப் பயிற்சியோ அறிவோ வேண்டியதில்லை என்ற எண்ணம் அந்த ஏச்சுக்குள் இருக்கிறது. அது எவ்வளவு தவறானது என்பதை அறிய விரும்புபவர், மடக்குச் சவரக்கத்தி ஒன்றை எடுத்துத் தம் முகத்திலேயே பழகிப் பார்க்கலாம்.

அந்தக் கத்தியின் முதுகு தடித்தது. வாயோ மிக மெல்லியது. ஒவ்வொரு சவரத்தின்போதும் அந்த வாய் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்துவிடும். அதனை நிமிர்த்துவதற்கே தோல்வாரில் தீட்டுகிறார்கள். கூரை உண்டாக்குவது கல். உள்ள கூரை நேராக்குவது வார். தீட்டும்போது முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே வரவேண்டும். வாரின் முனையில் கத்தியைத் திருப்புகையில் முதுகின்மேல் புரட்டவேண்டும். வாயின்மேல் புரட்டினால் வாரும் வெட்டுப்படும், கூரும் கெடும். எனவே, புதியவர் கையில் முதலில் காயப்படுவது பெரும்பாலும் கன்னமன்று, வார்தான்.

அடுத்தது முகம். இளஞ்சூட்டு நீரில் ஊறிய மயிர் மென்மையாகும். தூரிகையால் சவர்க்கார நுரையை நன்றாகக் குழைத்துப் பூசவேண்டும். அதற்கு முன்பே, மயிர் எந்தத் திசையில் வளர்கிறது என்பதை விரலால் தடவி அறிந்துகொள்வது நல்லது. கன்னத்தில் அது கீழ்நோக்கி வளரும். கழுத்தில் ஆளுக்கு ஆள் மாறுபடும். முதற் சில நாட்களுக்குக் கன்னம் மட்டும் போதும். ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்க, மறு கை கத்தியை ஏறத்தாழ 30 பாகை சாய்வில் வைத்து, மயிர் வளரும் திசையில் வழிக்கவேண்டும். சாய்வு குறைந்தால் மயிர் இழுபடும். கூடினால் தோல் சுரண்டப்படும். அழுத்தம் கூடவே கூடாது. வாயின் நீளப்போக்கில் ஒருபோதும் இழுக்கக்கூடாது. தோல் அறுபடுவது அப்படித்தான். நாடியும் மேலுதடும் கை பழகிய பின்னர். கழுத்து எல்லாவற்றிற்கும் கடைசி.

தன் முகத்தில் வலியைத் தானே உணரலாம். பிறர் முகத்தில் அந்த உணர்வு கிடையாது. ஆகவே தொழில் பழகுபவர்கள் ஊதிய பலூனில் நுரை பூசி வழித்துப் பழகுவதும் உண்டு. அழுத்தம் சற்றுக் கூடினாலும் பலூன் வெடித்துவிடும்.

இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்தவர்களை யாழ்ப்பாணச் சமூகம் எங்கே வைத்திருந்தது? குடிமை முறையில் வீடு வீடாகச் சென்று தொண்டு செய்பவர்களாகவே வைத்திருந்தது. தலையை நிமிர்த்தித் தொண்டையை அவர் கத்திக்கு ஒப்புக்கொடுத்த மனிதர், தம் வீட்டு வாசலுக்குள் அவரை விடவில்லை. பட்டணத்தில் சலூன்கள் தோன்றியபோது இந்த உறவு மாறத் தொடங்கியது. தொழிலாளி வாசலில் காத்து நிற்கவில்லை. வாடிக்கையாளர் கடையில் முறைக்குக் காத்திருந்தார்.

கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூன் அவ்வாறான ஒன்று. சாதியின் பேரால் பட்ட அவமானத்தால் இளமையிலேயே பள்ளிக்கூடத்தை விட்ட டொமினிக் ஜீவா அங்கேதான் கத்தி பிடித்தார். அதே கை எழுதிய 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியதும் அந்தக் கைதான். 2021இல் மறையும்வரை தாம் சவரத் தொழிலாளி என்பதை ஜீவா மறைத்ததில்லை.

இன்றைய சலூன்களில் ஆளுக்கொரு புது பிளேட் பூட்டும் கத்தியே உண்டு. இரத்தத்தால் பரவும் நோய்களைத் தடுக்க அது அவசியம். ஆனாலும் சாய்வும் அழுத்தமும் தோலை இழுக்கும் இடக்கையும் மாறவில்லை. அடுத்த முறை சலூன் கதிரையில் சாயும்போது அந்த இடக்கையைச் சற்றுக் கவனியுங்கள். பிறகு ஒருவரைச் 'சிரைக்கப் போ' என்று ஏச நமக்கு நா எழாது.