விண்வெளித் தூசிக்கும் கணக்கு உண்டு

"ராக்கெட் கக்குகிற புகை மேலே என்ன ஆகும்?" என்று சாத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பட்டாசுச் சீமையிலிருந்து வரவேண்டிய கேள்விதான். சிவகாசியில் கம்பி மத்தாப்புக்கு வெள்ளைப் பொறி தருகிற அதே அலுமினியத் தூள், பிஎஸ்எல்வியின் திட எரிபொருளிலும் உண்டு. எரிந்தபின் மிஞ்சுவது அலுமினிய ஆக்சைடுத் துகள். சுற்றுப்பாதைக்குப் போனபின் இத்தகைய மோட்டார் எரிந்தால், அந்தத் துகளில் ஒரு பங்கு அங்கேயே சுற்றத் தொடங்கிவிடும்.

1984-ல் நாசா மேலே விட்டு, 1990-ல் திரும்ப இறக்கிய எல்டிஇஎஃப் செயற்கைக்கோளின் உடம்பெல்லாம் பொடிக் குழிகள். குழிக்குள் ஒட்டிய கசடைச் சோதித்தார்கள். மெக்னீசியம், சிலிக்கன், இரும்பு இருந்தால் வால்மீனும் விண்கற்களும் உதிர்த்த இயற்கைத் தூசி. டைட்டானியம், துத்தநாகம் என்றால் உதிர்ந்த பெயின்ட். அலுமினிய ஆக்சைடு என்றால் ராக்கெட் புகை. 1983-ல் சேலஞ்சர் விண்ணோடத்தின் கண்ணாடியில் குழி பறித்தது வெறும் பெயின்ட் துணுக்கு; வேகம் அப்படி.

கீழே கொண்டுவராமலே தூசியை எண்ண நம்மிடமும் ஒரு கருவி உண்டு: அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் செய்த 'டெக்ஸ்'. எடை சுமார் 3 கிலோ. நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் துகள் மோதும்போது அது ஆவியாகி, மின்னேற்றம் பெற்ற சிறு மேகமாகிறது. அந்த மின்னேற்றத்தைக் கருவி பதிவு செய்கிறது. சராசரியாக 1000 விநாடிக்கு ஒரு மோதல் பதிவானது.

இதில் என்னை வியக்கவைப்பது கருவி ஏறிய வண்டி. 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை 650 கிலோமீட்டரில் விட்டபின், வேலை முடிந்த பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்தை இஸ்ரோ குப்பையாக விட்டுவிடவில்லை. 350 கிலோமீட்டருக்கு இறக்கி, 'போயம்-3' என்ற ஆய்வு மேடையாக்கியது. டெக்ஸ் தூசி எண்ணியது அதில் இருந்தபடிதான். மார்ச் 21 அன்று அந்த மேடை வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது.

பட்டாசு அறையில் சிந்திய மருந்தை அன்றன்றைக்கே அகற்றியாக வேண்டும். தேங்கிய கழிவு மருந்து எத்தனை உயிர்களைக் குடித்திருக்கிறது என்பது விருதுநகர் மாவட்டத்துக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விண்வெளியிலும் நியாயம் அதுதான். 800 கிலோமீட்டருக்கு மேல் கைவிட்ட உடைசல் நூற்றாண்டுக் கணக்கில் சுற்றும். மோதி மோதிப் புதுத் தூசியைப் பெருக்கும்.

2030-க்குள் குப்பையில்லாப் பயணங்கள் என்று இந்தியா அறிவித்திருக்கிறது. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரன்பட்டினம் ஏவுதளமும் எழுகிறது. அங்கிருந்து ராக்கெட் ஏறும்போது கைதட்டுவோம், கூடவே, "மிச்சம் எப்போது கீழே வரும்?" என்றும் கேட்போம்.