சவாரிக்குள் ஒரு குதிரை!

குட்டீஸ்! சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோக்காரர்கள், "இன்னிக்கு ரெண்டு சவாரிதானுங்க" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு குதிரை ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

பழைய பாரசீக மொழியில் 'அச' என்றால் குதிரை. வடமொழி 'அசுவ'த்துக்கு உறவுக்காரச் சொல்! 'அசபார' என்றால் குதிரை சுமந்து செல்லும் ஆள். இதுவே தேய்ந்து 'சவார்' ஆனது. அவர் போகும் பயணம் 'சவாரி'. உருது வழியாக இது தமிழுக்கு வந்தது.

நாளடைவில் குதிரை மறைந்தது. சொல் மட்டும் நின்றது. கொங்கு நாட்டில் ஆட்கள் பயணம் போகும் மாட்டு வண்டிக்கு 'சவாரி வண்டி' என்றே பெயர். நம் ராணுவத்தின் டாங்கிப் படையில் சிப்பாய்க்கு இன்றும் 'சவார்' என்றுதான் பெயர்!

அப்படியானால் 'குதிரைச் சவாரி'யில் எத்தனை குதிரை? இரண்டு! 'ஒட்டகச் சவாரி'யில்? நீங்களே சொல்லுங்கள்!