புண் உலர்ந்தால்தான் ஆறுமா?

தோலிற் காயம் ஏற்பட்டவுடன் அதனை மூடும் பணியை உடல் தானே தொடங்கிவிடுகிறது. குருதி உறைகிறது. வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் சிதைந்த திசுக்களையும் அகற்றுகின்றன. பின்னர்ப் புண்ணின் அடியிலிருந்து புதுத் திசு வளர, ஓரங்களிலிருந்து மேல்தோல் உயிரணுக்கள் நகர்ந்து வந்து அதன்மேற் படர்கின்றன. புண்ணின்மேல் நாம் இடும் பொருள் இவ்வேலைக்குத் துணையாகின்றதா, இடையூறாகின்றதா என்பதே நாம் கருத வேண்டுவது.

காற்றுப்பட்டு உலர்ந்து பொருக்குக் கட்டினால்தான் புண் ஆறும் என்னும் கருத்து, மக்களிடையே மட்டுமன்றி மருத்துவமனைகளிலும் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. 1962-இல் இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் விண்டர் என்பார் இதனைச் சோதித்துப் பார்த்தார். பன்றியின் தோல் பலவகையில் மனிதத் தோலை ஒத்தது. அதில் ஆழமற்ற காயங்களை உண்டாக்கிச் சிலவற்றைத் திறந்தே விட்டு, ஏனையவற்றை மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய புண்களில் மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகப் படர்ந்தது! மறு ஆண்டு மனிதர் தோலிலும் இதை ஒத்த முடிவே கிடைத்தது.

காரணம் எளிது. உலர்ந்த பொருக்கில் உயிரணுக்கள் நகர இயலா. ஈரமுள்ள உயிர்த்திசுவை நாடி அவை அதன் அடியிற் குடைந்து செல்ல வேண்டும். கட்டாந்தரையில் ஏர் ஓட்டுவதைப் போன்றது அது. ஈரம் காக்கப்பட்ட புண்ணிலோ அவை தடையின்றி மேற்பரப்பிலேயே செல்கின்றன. உலர்ந்த காஸ் துணியின் தீங்கு இன்னொன்று: அது புண்ணோடு ஒட்டிக்கொள்கிறது, கட்டை அவிழ்க்கும்போது புதிதாய்ப் படர்ந்த உயிரணுக்களும் அதனுடன் பிய்ந்து வருகின்றன.

இவ்வுண்மையின் அடிப்படையிற் பல பொருள்கள் தோன்றின. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட் அவற்றுள் ஒன்று. அதன் கால்சியம் அயனிகள், புண்ணிலிருந்து கசியும் நீரிலுள்ள சோடியம் அயனிகளோடு இடம் மாற, உலர்ந்த இழை வழவழப்பான கூழாகிவிடுகிறது. எனவே நீர் மிகுதியாகக் கசியும் புண்களுக்கு அது ஏற்றது; வறண்ட புண்ணுக்கு ஆகாது. விலங்குத் தோலின் முதன்மைப் புரதமாகிய கொலாஜனைக் கொண்டு தீப்புண்களை மூடும் தகடுகளும் செய்யப்படுகின்றன. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் உழைத்துள்ளது. பதனிட முயன்றோரே புண்ணை ஆற்றும் வழியும் கண்டது வியப்பன்று. இரண்டும் ஒரே புரதத்தைப் பற்றிய அறிவேயன்றோ!

ஆயினும் விலையுயர்ந்த பொருள் எல்லா மருத்துவமனைகளுக்கும் எட்டுவதில்லை. வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் தீப்புண்ணின்மேற் கட்டும் முறையை மும்பை மருத்துவர்கள் 1985-இல் வெளியிட்டனர். 2003-இல் அந்நகரிலிருந்தே வாழையிலைக் கட்டுப் பற்றிய ஆய்வுகள் வெளிவந்தன. மெழுகு படிந்த வாழையிலை புண்ணில் ஒட்டாது, ஈரத்தையும் காக்கும். கட்டு மாற்றும்போது வலி குறைவாக இருந்தது. நம் நாட்டில் எங்கும் கிடைக்கும் இலை இவ்வாறு ஆய்வுக்குரியதானது போற்றத்தக்கதே.

இதனை ஆசிரியர்கள் வகுப்பிற் கூறும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். அங்கே பயன்பட்டவை, மருத்துவமனையில் நீராவி அழுத்தக் கலத்திற் கிருமி நீக்கிய இலைகள். மரத்திலிருந்து அறுத்த இலையை அப்படியே புண்ணின்மேல் இடுவது சீழ் பிடிப்பதற்கு வழிகோலும். ஈரம் காத்தல் என்பது தூய்மை காத்தலுக்கு மாற்றன்று; சீழ் வைத்த புண்ணைக் காற்றுப் புகாமல் மூடிவைத்தல் ஆபத்தாகும்.

களப்பணியாளர் கிராமங்களிற் காண்பது பெரும்பாலும் சாம்பல், காப்பித்தூள், சாணம், பற்பசை ஆகியன அப்பிய புண்களையே. இவை புண்ணை அழுக்காக்குவன. சாணத்தால் இசிவுநோய்க் கிருமியும் புகக்கூடும். தீப்பட்ட இடத்தைக் குளிர்ந்த ஓடும் நீரில் இருபது நிமிடம் நனைத்து, பனிக்கட்டி வையாது, தூய துணியால் தளர்வாக மூடி அனுப்புக. முகம், கை, மூட்டு ஆகியவற்றிற் பட்ட தீப்புண்ணையும், நீரிழிவு உடையோர் காலில் தோன்றும் எத்துணைச் சிறிய புண்ணையும் அன்றே மருத்துவரிடம் காட்டச் செய்க.